சின்னத் தாத்தாவை அழைத்துவந்த லத்தீன்

சேலம் ஜில்லாவிலேயே ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாத ஆள் ஒருவர்தான். அஸ்தம்பட்டி ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த 'லத்தீன்'. குருமடத்துப் படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்த கத்தோலிக்கர். படித்ததில் லத்தீன் உறவுமுறைகள் மட்டும் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டன. நாற்காலியில் உட்காரமாட்டார். யாருடைய சித்தப்பா செத்தாலும், நடந்தபடியே, "பாத்தெர்னா அப்பா. அப்பா கூடப் பொறந்தவரு பத்ரூஸ். ரோமாபுரியில அவருன்னாலே திட்டுற ஆளுன்னு பேரு" என்று ஆரம்பித்துவிடுவார். துக்கம் கேட்பதெல்லாம் அப்புறம்தான்.

யுத்த சமயம், என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். நாமகிரிப்பேட்டையில் இருந்த என் மைத்துனரை அழைக்கப் போன என் அண்ணன், வழியில் தன் மாமனார் வீட்டில் முதல் வெற்றிலை பாக்கை வைத்துவிட்டார். தாய்மாமனுக்கு இரண்டாம் தாம்பூலமா? மைத்துனர் வரமாட்டேன் என்றுவிட்டார்.

"எங்கண்ணன் மடி இல்லாம எம்புள்ளைக்குக் காது குத்தறதா?" என்று என் மனைவி அழுதாள்.

விஷயம் லத்தீன் காதில் விழுந்தது. பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய அடுத்த பஸ்ஸில் என்னையும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டார்.

"வாங்க, உக்காருங்க. அந்தப் பேச்சு மட்டும் வேண்டாமுங்க" என்றார் மைத்துனர்.

லத்தீனாவது உட்காருவதாவது! மைத்துனரின் மஞ்சள் களத்தைச் சுற்ற ஆரம்பித்தார். "அவூஸ்னா தாத்தா. தாய்மாமன் அவுங்குலுஸ். அப்படின்னா சின்னத் தாத்தா. நீங்க அந்தப் புள்ளைக்குத் தாத்தா மாதிரிங்க!"

"எனக்கு முப்பது வயசுதானுங்க!" என்று மைத்துனர் பாய்ந்தார்.

லத்தீன் காதில் வாங்கவில்லை. அத்தைக்குப் போனார், சின்னம்மாவுக்குப் போனார், மறுபடி மாமனுக்கே வந்தார். காயப்போட்ட மஞ்சளெல்லாம் அவர் காலடியில் சிதறியது. கூலியாட்கள் வேலையை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே நடந்தார்கள்.

உச்சிவெயிலில் மைத்துனர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி, நான் வாரேனுங்க. இவரை முதல்ல களத்த விட்டுக் கூட்டிட்டுப் போங்க."

காதுகுத்து அன்று குழந்தை மாமன் மடியில் வீறிட்டது. அதைவிடச் சத்தமாக அழுதவர் லத்தீன். குருமடத்தை விட்டு வந்த நாளிலிருந்து அவருடைய சொந்த அக்கா அவருக்குக் கதவு திறந்ததில்லை. அக்கா பிள்ளைகளின் முகம்கூட அவருக்குத் தெரியாது. அது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் மனைவி குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். "அழாதீங்கண்ணா. இவளுக்கு நீங்களும் மாமன்தான்."

அதற்குப்பின் என் மகளுக்கு மாமன்கள் இரண்டு பேர். நான் அடிக்கக் கையை ஓங்கினால் அவள் ஓடிப்போய் ஒளிந்துகொள்வது லத்தீன் மாமாவின் வேட்டிக்குப் பின்னால்தான்.