எங்கள் ஊரில் பார்க்க ஒன்றுமில்லை

வியன்னாவில் சுற்றிப் பார்க்க நூறு இடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் பார்த்துவிடாமல் காப்பதற்கென்றே ஓர் இனமும் இங்கே இருக்கிறது. பிறவி வியன்னாக்காரர் என்று பெயர். அடையாளம் காண்பது சுலபம். அரண்மனைக்கு வழி கேளுங்கள், முகத்தைச் சுளிப்பார். ராட்டினத்துக்கு வழி கேளுங்கள், உங்கள்மேல் இரக்கப்படுவார். "அதெல்லாம் வெளியூர்க்காரங்க போற இடம்" என்பார். நீங்கள் வெளியூர்தான், அதனால்தான் பெட்டியும் கையுமாக நிற்கிறீர்கள் என்பதெல்லாம் அவர் காதில் ஏறாது. அதற்குள் உங்கள் முழங்கையைப் பிடித்து ஒரு சந்துக்குள் இழுத்துப் போயிருப்பார். அந்தச் சந்தில் என்ன இருக்கிறது? ஒன்றும் இருக்காது. முன்பு ஒரு ரொட்டிக்கடை இருந்திருக்கும்.

இந்த இனத்தில் கலப்படமில்லாத ஒருவர் ஹூபர்ட். இந்தக் கதை நடந்தபோது வயது அறுபத்தேழு. நகரத்துத் தண்ணீர் இலாகாவில் முப்பத்தைந்து வருடம் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி எடித் காலமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த வருட வசந்தத்தில் முழங்கால் வலிக்காக வெந்நீர் ஊற்று ஊர் ஒன்றில் மூன்று வாரச் சிகிச்சைக்குப் போனார். முழங்கால் போனபடியே திரும்பி வந்தது. மனம்தான் வரவில்லை. அதை வாங்கி வைத்துக்கொண்டவர் ரோஸ்விதா, இன்ஸ்புருக்கில் பூக்கடை நடத்தி மூடிய கைம்பெண், அதே ஊற்றில் இடுப்பு வலிக்காக உட்கார்ந்திருந்தவர்.

கோடை முழுக்கக் கடிதம் பறந்தது. கடைசியில் ரோஸ்விதா எழுதினார்: "ஒரு நாள் வந்து உங்கள் ஊரைப் பார்க்கிறேன். அங்கே வந்து உங்களோடு இருக்க முடியுமா என்று எனக்கே தெரியவேண்டும். சாயங்காலம் ஆறரை ரயில் ஏறுவதற்குள் பதிலைச் சொல்லிவிடுகிறேன்."

ஹூபர்ட் இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. எடித் போன பிறகு அந்த வீட்டில் தட்டுகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டதேயில்லை. ஒற்றைத் தட்டு எதன்மேல் இடிக்கும்? இந்த ஒரு நாள் சரியாக அமைந்துவிட வேண்டும் என்று அவர் ஏங்கினார். புது டை வாங்கினார். சந்துகளின் வரிசையைக்கூட மனப்பாடம் செய்தார்.

ரயிலை விட்டு இறங்கியதும் ரோஸ்விதா கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். மூன்று வரி. பெரிய ராட்டினம், அரண்மனை, ஸ்டெஃபான் தேவாலயக் கோபுரம். ஹூபர்ட் அதைப் படித்தார், நாலாக மடித்தார், தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"அம்மணி, இதெல்லாம் வெளியூர்க்காரங்க பாக்குறது."

"நான் வெளியூர்தானே?"

"என்கூட வந்திருக்கீங்க. இனிமே நீங்க எப்படி வெளியூர் ஆவீங்க?"

அழகான பேச்சுதான். அந்த அழகில் மயங்கித்தான் அந்த அம்மாள் அடுத்த இரண்டு மணி நேரம் நடந்தார். ரொட்டிக்கடை இருந்த சந்தைப் பார்த்தார், குதிரை வண்டி இடித்து மூலை உடைந்ததாகச் சொல்லப்படும் ஒரு சுவரைப் பார்த்தார், எந்த வீட்டு நாய் ஹூபர்டை எந்தக் காலில் கடித்தது என்பதைப் பார்த்தார், அவர் மீட்டர் பார்த்த நிலவறைகளில் மிக ஆழமானது எது என்பதை வாசலில் நின்றே கேட்டறிந்தார். இரண்டு தெருவுக்கு அப்பால் கோபுரம் தலையை நீட்டி எட்டிப் பார்த்தபோதெல்லாம் ஹூபர்ட் சாமர்த்தியமாக இடப்பக்கம் திரும்பினார். பிறகு ஒரு தெருக்குழாயின் முன் நிறுத்தினார்.

"குடிச்சுப் பாருங்க அம்மணி. நேரா மலையிலேர்ந்து வர்ற தண்ணி. உலகத்துல வேற எந்தத் தலைநகரத்துல கிடைக்கும்?"

ரோஸ்விதா குடித்தார். "எங்க வீட்டுலயும் மலைத் தண்ணிதான் ஹூபர்ட். மலை கொல்லைப்புறத்துலயே நிக்குது."

காபி விடுதியில் உட்கார்ந்ததும் ரோஸ்விதா பாவம் "ஒரு காபி" என்று கேட்டுவிட்டார். மேஜைப் பணியாளர் எங்கோ கூரையைப் பார்த்தார். ஹூபர்ட் காதோரம் குனிந்து, இந்த ஊரில் வெறும் காபி என்று ஒன்று கிடையாது, இன்ன காபி என்று சொல்ல வேண்டும், அதையும் அவசரப்படாமல் சொல்ல வேண்டும் என்று விளக்கினார். சொல்லி, வந்து, குடித்து முடிக்க ஒன்றரை மணி நேரம். காலிக் கோப்பையோடு இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது இங்கே மரியாதை. ரோஸ்விதா கடிகாரத்தைப் பார்த்தார்.

"அந்த ராட்டினத்துல நீங்க ஏறியிருக்கீங்களா?"

"பள்ளிக்கூடத்துலயே கூட்டிட்டுப் போயிட்டாங்களே" என்றார் ஹூபர்ட், ஸ்பூனைத் துடைத்தபடி. "அங்க ஒண்ணுமில்ல அம்மணி. ஏறுது, சுத்துது, இறங்குது. வாங்க, நான் உங்களுக்கு முக்கியமான இடம் ஒண்ணு காட்டணும்."

முக்கியமான இடத்துக்கு எழுபத்தொன்றாம் எண் டிராம் போகிறது. எங்கள் ஊரில் ஒருவர் செத்துப்போனால் "எழுபத்தொண்ணுல ஏறிட்டார்" என்போம், ஏனென்றால் அது மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் டிராம். ஞாயிற்றுக்கிழமைகளில் உயிரோடு இருப்பவர்களும் அதில்தான் ஏறுவார்கள். நல்ல காற்று, மரநிழல், அக்கம்பக்கத்தில் சத்தம் போட ஆளில்லை. ஹூபர்ட் ஒரு கறுப்புக் கல்லின் முன் நின்று தொப்பியைக் கழற்றினார்.

"நாலு பேருக்கான குழி அம்மணி. அடியில எடித். அதுக்கு மேல நான். அப்புறமும் ரெண்டு இடம் காலி. அதுல ஒண்ணு உங்களுக்குன்னு வச்சிருக்கேன். மத்தியானத்துக்கு மேல நல்லா வெயில் படும்."

சிரிக்காதீர்கள். ஒரு வியன்னாக்காரர் ஒரு பெண்மணியிடம் இதைவிட உருக்கமாக எதையும் சொல்லிவிட முடியாது. மோதிரத்தை யார் வேண்டுமானாலும் நீட்டலாம். குழியில் பங்கு கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? ஆனால் ரோஸ்விதா இன்ஸ்புருக்குக்காரர். கல்லைப் பார்த்தார், ஹூபர்டைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார்.

"செத்த பிறகு எங்க இருக்கணும்னு காட்டிட்டீங்க. சந்தோஷம். உயிரோட இருக்கும்போது எங்கயாவது கூட்டிட்டுப் போற எண்ணம் உண்டா?"

"அம்மணி..."

"சீட்டைக் குடுங்க." கையை நீட்டினார். "நான் ராட்டினத்துக்குப் போறேன். வந்தா வாங்க. இல்லேன்னா ஆறரைக்கு ஸ்டேஷன்ல பாப்போம்."

மணி நாலு. அவர் விடுவிடுவென்று டிராம் நிறுத்தத்தைப் பார்த்து நடக்க, தொப்பியும் கையுமாக ஹூபர்ட் பின்னால் ஓடினார். வாழ்நாளில் முதல்முறையாக அந்த ஊரில் அவருக்கு வழி காட்ட ஒன்றுமில்லை.

ராட்டினத்தின் கீழே சீட்டு வாங்க நீண்ட வரிசை. ஹூபர்ட் ஒதுங்கி நின்றார்.

"நீங்க ஏறிட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

"ஏன்? பள்ளிக்கூடத்துலயே ஏறினவராச்சே?"

ஹூபர்ட் தன் காலணியைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. அப்படியொரு வெட்கம் அவருக்கு எந்த வயதிலும் வந்ததில்லை.

"கூட்டிட்டுப் போனாங்க. வகுப்பு பூரா போச்சு. அன்னிக்கு எனக்குப் பொன்னுக்குவீங்கி. அப்புறம் போலாம், அப்புறம் போலாம்னு இருந்தேன். இங்கதானே இருக்கு, எங்க ஓடிடப் போகுதுன்னு. எடித்கூட ரெண்டு தடவை கேட்டா. வெளியூர்க்காரங்க போறதுடின்னு சொல்லிட்டேன்."

"அரண்மனை?"

"வாசல் வரைக்கும். மீட்டர் பார்க்க."

"கோபுரம்?"

ஹூபர்ட் இல்லையென்று தலையை ஆட்டினார். ரோஸ்விதா இரண்டு சீட்டு வாங்கினார்.

பத்துப் பேர் நிற்கக்கூடிய சிவப்புப் பெட்டி மெதுவாக மேலே போனது. ஹூபர்ட் இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கூரைகள் தெரிந்தன, கோபுரம் தெரிந்தது, அறுபத்தேழு வருடமாகக் கீழேயே நடந்து தேய்த்த ஊர் மொத்தமும் தெரிந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் இனத்தின் குணம் எங்கே போகும்? விரலை நீட்டினார்.

"அதோ பாருங்க அம்மணி. டான்யூப் ஆறு!"

ரோஸ்விதா கைப்பையிலிருந்து வழிகாட்டிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "அது கால்வாய், ஹூபர்ட். ஆறு உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு."

ஹூபர்ட் திரும்பினார். ஆறு இருந்தது. அவ்வளவு பெரிய ஆறு. ரோஸ்விதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை; பக்கத்தில் நின்ற குடும்பத்துக்கும் அது தொற்றியது; கடைசியில் ஹூபர்டும் சிரித்தார், கம்பியை விட்டுவிட்டு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு.

"வர்றேன் ஹூபர்ட்" என்றார் ரோஸ்விதா. "ஆனா ஒண்ணு. ஊரை இனிமே நான்தான் சுத்திக் காட்டுவேன்."

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ரோஸ்விதா வியன்னாவுக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. அரண்மனைக்கும் கோபுரத்துக்கும் முதல் மாதமே போய்வந்தார்கள். போன மாதம் ரோஸ்விதாவின் தங்கை இன்ஸ்புருக்கிலிருந்து வந்தாள். காபி விடுதியில் நானும் அவர்கள் மேஜையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். தங்கை ஆசையாகக் கேட்டாள்: "அக்கா, அந்த ராட்டினத்துல ஏறலாமா?"

ரோஸ்விதா ஸ்பூனைத் துடைத்தார். "அதெல்லாம் வெளியூர்க்காரங்க போறதுடி. வா, உனக்கு ஒரு சந்து காட்டுறேன்."

ஆக, இதற்கு இந்த ஊரிலேயே பிறந்திருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. இருந்தால் போதும், ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் எந்த ஊரோ எனக்குத் தெரியாது. போன விடுமுறைக்கு வந்த விருந்தாளி, உங்கள் ஊரில் எல்லோரும் வரிசையில் நின்று பார்க்கும் அந்த ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டபோது, "அங்க என்ன இருக்கு, சும்மா கூட்டம்" என்று சொல்லி டிபன் சாப்பிடக் கூட்டிப்போனீர்களே, நீங்கள் கடைசியாக அதற்குள் போனது எப்போது? பள்ளிக்கூடச் சுற்றுலாவில் என்று மட்டும் சொல்லாதீர்கள். பொன்னுக்குவீங்கி யாருக்கு வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.