தோணிக்காரர் வம்சமும் ஓரா மீனும்

இனிமேல் மீன் வெட்டுவதில்லை என்று ஜெமீல் மாஸ்டர் தீர்மானித்தார். ஓரா மீனின் முள் பெருவிரலில் ஏறிய கையோடு எடுத்த தீர்மானம். மனைவியிடம் அறிவித்தும் விட்டார்.

“எண்ட பூட்டன் அஹமட் லெப்பை கற்பிட்டியிலேயே பெரிய தோணிக்காரர், றஹ்மா. தோணிக்காரர் பரம்பரை மீன் வெட்டாது.”

“ஆரு சொன்ன?”

“எல்லாரும்தான்.”

“எல்லாரும் வேணாம். எழுத்துல காட்டுங்க. காட்டினா மௌத்தாகும் வரைக்கும் நானே வெட்டுறன். தோணில கூலிக்கு நிண்டவரெண்டு வந்தா நீங்கதான் வெட்டணும். சரியா?”

“சரி!” அவசரப்பட்டுவிட்டார்.

மூன்று சனிக்கிழமைகள் பள்ளிவாசலின் பழைய கலியாணப் பதிவுப் புத்தகங்களுக்குள் போயின. திறந்தால் அஹமட் லெப்பைமார் ஆறு பேர். பாட்டன் பேரைப் பேரனுக்கு வைத்து வைத்து ஊர் அப்படி ஆகியிருந்தது. ஒருவர் ஒன்பது வயதில் கலியாணம் முடித்திருந்தார். இன்னொருவர் மௌத்தாகி நாலு வருஷம் கழித்து மகளின் கலியாணத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஜெமீலுக்குத் தலை சுற்றியது. தன் பேர் ஜெமீல்தானா என்று அடையாள அட்டையை ஒருதரம் எடுத்துப் பார்த்தார்.

கடைசியில் அகப்பட்டது. ‘மாப்பிள்ளை: அஹமட் லெப்பை. தொழில்: தோணிச் சொந்தக்காரர்.’ பிரதியோடு வீட்டுக்குப் பறந்தார்.

றஹ்மா வாசித்தாள். “பொண்ணு பேரு கதீஜா உம்மாண்டு கிடக்கு. உங்கட பூட்டி சபியா உம்மாதானே?”

“அது... ரெண்டாம் கலியாணமா இருக்கும்.”

“ஓ! வம்சத்துல அதுவும் இருக்கா?”

அலுமாரியைத் திறந்து வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்தாள். தாயிடமிருந்து மகளுக்கு வரும் வீடு. ஜெமீல் மாப்பிள்ளையாக வந்து குடியேறியதும் அதில்தான். முதல் வரி: ‘தோணிச் சொந்தக்காரர் அஹமட் லெப்பையின் மனைவி கதீஜா உம்மா.’

“எண்ட உம்மாட உம்மாட உம்மா. தோணிக்காரர் எண்ட பூட்டன்.”

“உனக்கு முந்தியே தெரியுமா?”

“தெரியாமலா பந்தயம் புடிச்ச? நீங்க கொண்டுவந்த பிரதில கீழ சாட்சியையும் வாசிங்க, மாஸ்டர்.”

மாப்பிள்ளை வரிக்குக் கீழே அவர் அதுவரை போகவேயில்லை. இப்போது போனார். ‘சாட்சி: மீரான் மகன் அஹமட் லெப்பை. தொழில்: மேற்படி தோணியில் கூலி. கைநாட்டு.’

ஜெமீலின் வாப்பாவுடைய வாப்பாவின் பேரும் மீரான். பாட்டன் பேர் பேரனுக்கு; அப்படியானால் இந்தக் கூலிக்காரர்தான் அவருடைய பூட்டன்.

“கூலியெண்டாலும்... கடலுக்குப் போனவர்தானே” என்றார், சுருதி இறங்கி.

“ஓம். அவருக்குக் கூலியாச்சும் குடுத்த. உங்களுக்கு அதுவுமில்ல. வாங்க, மீன் பழுதாகுது.”