அக்காவுக்கு ஊர் காட்டிய நாள்

"இவ்வளவுதானா உன்ற திருப்பூரு?" என்று சித்ரகலா கேட்டதும் பூபாலன் காரின் வேகத்தைக் குறைத்தான்.

சிங்கப்பூரில் குடியிருக்கும் அக்கா லீவில் வந்திருந்தாள். வந்ததும் தம்பிக்கு ஒரு கண்டிஷன் போட்டாள். "ஒரு நாள் ஊரைச் சுத்திக் காட்டு. நீ இங்க நல்லா இருக்கறேன்னு எனக்குத் தோணோணும். இல்லீன்னா நாளைக்கே உனக்கு டிக்கெட். அங்க வேலை சொல்லி வெச்சிருக்கறேன்."

மங்கலம் ரோட்டில் பூபாலனுக்குச் சொந்தமாக ஒரு நிட்டிங் யூனிட் இருந்தது. அதை விட்டுவிட்டுக் சிங்கப்பூரில் போய்க் கணக்கு எழுதுவதா?

"இன்னும் யூனிட்டைப் பாக்கலியேக்கா!" என்று காரைத் திருப்பினான்.

நிட்டிங் மெஷின் வேடிக்கையான சாமான். ஒரு வட்டத்தில் ஆயிரக்கணக்கான ஊசிகள் நிற்கும். ஏறுகிற ஊசி நூலைப் பிடிக்கும். இறங்கும்போது அதைப் பழைய கண்ணிக்குள் இழுத்துவிடும். வட்டம் சுற்றச் சுற்ற, தையலே இல்லாத தலையணை உறை போலத் துணி கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பூபாலன் இதை ரசித்து விளக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் இருவர் தெரிந்தார்கள். சஃபாரி சூட்டும் தோல் பையுமாக ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால், குடையுடன் ஓர் அம்மாள்.

"நம்ம பேரு அர்த்தநாரிங்க. இது நம்மூட்டுல, பழனாயி. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தமுங்க."

"அதுக்கென்னங்க, உள்ள வாங்க" என்றாள் அக்கா.

சிங்கப்பூர்க்காரிக்கு என்ன தெரியும்! தோல் பையோடு சும்மா பார்க்க வருகிறவர் வருமான வரி ஆபீஸரைத் தவிர வேறு யார்? சம்சாரத்தைக் கூட்டிவந்தது சந்தேகம் வராமல் இருக்க.

"மெஷினெல்லாம் சொந்தமுங்களா?" என்றார் அர்த்தநாரி.

இந்த ஊரில் இதற்குப் பதில் சொல்ல ஒரு முறை உண்டு. வரியை ஒழுங்காகக் கட்டியவரும், மூன்று ஷிப்ட் ஓட்டுகிறவரும்கூட, முகம் தெரியாதவர் கேட்டால் "தொழில் டல்லுங்க" என்றுதான் சொல்வார். அது பொய்யில் சேராது. வெயிலுக்குத் துண்டு போடுவது மாதிரி.

ஆனால் பக்கத்தில் அக்கா நிற்கிறாளே! நல்ல வேளையாக, ஓடுகிற நிட்டிங் ஷெட்டில் காதருகே சொன்னால்தான் கேட்கும். பூபாலன் அக்காவின் காதில், "நாலு மெஷினும் என்னுதுக்கா" என்றான். பெரியவர் பக்கம் குனிந்து, "எல்லாமே..." என்று ஆரம்பித்தான்.

கரண்ட் போனது. நான்கு மெஷினும் கப்பென்று நின்றன.

"...வாடகைதானுங்க!" என்று அவன் குரல் மட்டும் ஷெட் முழுக்கக் கேட்டது.

அக்கா திரும்பிப் பார்த்தாள். அதே நேரம் ஆபரேட்டர் கன்னையன் ஓடிவந்தான். "ஓனர், நீங்க வாங்குன அஞ்சாவது மெஷின் லாரில வந்திருச்சுங்க. எங்க எறக்கறது?"

அர்த்தநாரியின் புருவம் உயர்ந்தது.

"என்ற மெஷினா? அது பக்கத்துக் கம்பெனிதுப்பா! அங்க கொண்டுபோய் எறக்கு!" என்று கண்ணடித்தான் பூபாலன். கன்னையனுக்குக் கண்ணடிப்பதெல்லாம் புரியாது.

அக்கா காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். செல்போனில் எதையோ தட்டிக்கொண்டே, "திருமுருகன்பூண்டிக்குப் போ" என்றாள்.

அங்கே சிற்பக்கூடத்தில், கல்லைத் தட்டிப் பார்த்து, மணி போல் நாதம் வந்தால்தான் சிலைக்கு எடுப்பார்கள் என்று பூபாலன் விளக்க ஆரம்பித்தான். பாதி செதுக்கிய நந்திக்குப் பின்னாலிருந்து குடை எட்டிப் பார்த்தது.

"அட, நீங்களும் இங்கதானுங்களா!" என்றார் அர்த்தநாரி. "காரு சொந்தமுங்களா?"

"சிநேகிதன் காருங்க."

"இருக்கற ஊடு?"

"ஒண்டுக் குடித்தனமுங்க. மழை வந்தா ஒழுகுமுங்க."

"பூபாலா," என்றாள் அக்கா பல்லைக் கடித்தபடி, "டிக்கெட் போட்டுரட்டுமா?"

"அக்கா, பொறு, நான் உனக்குத் தனியாச் சொல்றேன்..."

போன் அடித்தது. கன்னையன்.

"ஓனர், நீங்க சொன்னபடி பக்கத்துக் கம்பெனில எறக்கியாச்சுங்க. அவங்க பொட்டு வெச்சுப் பூசையே போட்டுட்டாங்க. சுண்டல் நல்லா இருக்குதுங்க!"

"அடப்பாவி! அது என்ற மெஷின்டா! என்ற சொந்த மெஷின்டா!"

சிற்பிகளின் உளிகள் நின்றன. இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? பூபாலன் அர்த்தநாரிக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சார், எழுதிக்கங்க. அஞ்சு மெஷினும் என்னுது. காரும் என்னுது. ஊடு போன வருசம் கட்டுனது, ஒரு சொட்டு ஒழுகாது. வரியெல்லாம் ஒழுங்காக் கட்டிட்டு வர்றேன். நீங்க என்ன செஞ்சாலும் சரி, இந்த ஊரை உட்டு நான் போக மாட்டேன்!"

அர்த்தநாரி தோல் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

அதுவரை வாயே திறக்காத பழனாயி, குடையை மடக்கிக்கொண்டு சித்ரகலாவிடம் சொன்னாள்: "நீங்க வரச் சொன்னபடி வந்து பாத்துட்டோம், மாப்பிள்ளையை எங்களுக்குப் பிடிச்சுப் போச்சு அம்மிணி, ஆனா எங்க பொண்ணைக் கடல் தாண்டி அனுப்ப மாட்டோம், அந்த டிக்கெட்டுப் பேச்சை மட்டும் உட்ருங்க."