மிஷினைச் சுற்றிய கிரிவலம்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றாத ஆள்கூட உண்டு. பேப்பர் மிஷினைச் சுற்றிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் மில்லில் அவருக்குப் பெயரே கிரிவலம். அடி அண்ணாமலைக்காரர். அவரும் நானும் ஒரே மிஷினை ஷிப்ட் மாற்றி ஓட்டும் ஆபரேட்டர்கள். அவர் ஷிப்டில் தாள் அறுந்ததே இல்லை. என் ஷிப்டில் அறுந்துகொண்டே இருக்கும். வயிறு எரியாதா?

ஷிப்ட் தொடங்கியதும் ஷூவைக் கழற்றிவிட்டு மிஷினை வலமாக ஒரு சுற்று வருவார். ஆவியில் கொதிக்கும் உருளைகள் அக்னி லிங்கம். கூழ்த் தொட்டி வருண லிங்கம். மேனேஜர் அறை குபேர லிங்கம். அங்கே கும்பிடு கொஞ்சம் ஜாஸ்தி. வேலையை அவரிடம் ஒப்படைக்க நான் காத்திருக்கும் நாற்காலி எம லிங்கம்.

சேஃப்டி ஆபீசர் கத்துவார். "ஷூ எங்கய்யா?"

"ஷூ போட்டுக்கினு மலை சுத்துவாங்களா சார்?"

ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்தில் நானும் சுற்றினேன். கொஞ்ச நேரத்தில் தாள் அறுந்து மலையாகக் குவிந்தது. கிரிவலம் வந்து பார்த்தார்.

"எதிர்ப்பக்கமா சுத்துனீங்களா?"

அப்படித்தான் சுற்றியிருந்தேன். அவசரத்தில் யார் இடம் வலம் பார்த்தது?

பிறகு புது மிஷின் வந்தது. ஹெட் ஆபரேட்டர் பதவி ஒன்றுதான். போட்டி எங்கள் இருவருக்கும். ஆளுக்கு ஒரு பகல், தாள் அறுபடாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் நாள் அவர் முறை. சேஃப்டி ஆபீசர் பக்கத்திலேயே நின்று ஷூவைக் கழற்ற விடவில்லை. ஷூவோடு சுற்ற கிரிவலத்துக்கு மனம் வரவில்லை. மத்தியானம் தாள் அறுந்தது. எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

மறுநாள் நான் ஓட்டினேன். அறுபடவே இல்லை. பதவி எனக்கு. அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கத் தேடினால், அன்று அவருக்கு லீவாம்.

சாயந்தரம் கேட்டில் வாட்ச்மேன் சொன்னார்: "உங்க கிரிவலம் காலைலருந்து மில்லு காம்பவுண்ட சுத்திக்கினே இருந்தாரு சார். வெறுங்கால்ல. என்னா வெயிலு."

அடுத்த நாள் நொண்டிக்கொண்டு வந்தவரை மடக்கினேன். "எனக்காகவா சுத்துனீங்க?"

"உங்களுக்கா? மிஷினுக்குங்க. உங்க கைல மாட்டிக்கிச்சே, பாவம்."

பதவி வந்தும் பொறாமை போகவில்லை. தோற்ற மறுநாளே ஜெயிக்கப்போகிறவனுக்காகக் கால் கொப்பளிக்க நடக்கிற மனசு எனக்கு இல்லையே என்று இப்போது பொறாமை.

அவரை என் ஷிப்டுக்கே கேட்டு வாங்கிக்கொண்டேன். சேஃப்டி ஆபீசரிடமும் ஷூ விஷயத்தைப் பேசிவிட்டேன். கிரிவலம் சுற்றி முடிக்கும்வரை மிஷின் வேகத்தைக் கூட்டுவதில்லை. எம லிங்கத்துக்கு அவர் கும்பிடு போடும்போது மட்டும், நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொள்கிறேன்.