மேவிஸின் முன்னூறு டாலர்

கையில் உறையோடு மேவிஸ் டட்டில் தெருவைக் கடந்து வருவதைப் பார்த்ததுமே கிளிஃப்டன் பர்டிக் இருக்கையை விட்டு எழுந்துவிட்டான்.

யாகிமா நகரத்தில் காசோலைக்குப் பணம் கொடுத்து, சம்பள நாள்வரை கடனும் தரும் கடை அது. அவன்தான் மேனேஜர். நேற்று முன்னூறு டாலர் வாங்கிப் போனவள் மேவிஸ். மறுநாள் கடை மூடுவதற்குள் திருப்பிக் கொடுத்தால் கடன் ரத்து, கட்டணமும் கிடையாது என்பது மாநிலச் சட்டம். ஆனால் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால்தானே கொடுக்க முடியும்? இப்படி வருகிறவர்களை எல்லாம் கிளிஃப்டன் ஒளிந்துகொண்டுதான் சமாளிப்பான். கல்லாவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பின்னறைக்குள் புகுந்து, புதுப் பூட்டு போட்ட கதவைச் சாத்தினான்.

"மேனேஜர் கண்ணு! எங்கப்பா போயிட்டே?"

அவன் உள்ளே சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"பரவால்ல, உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்தவள் சும்மா இருக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த விதிகளை, வந்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டத் தொடங்கினாள்.

"அப்படியா? அப்ப எங்கிட்ட அதிகமாப் புடுங்கியிருக்கானே!" என்றது ஒரு ஆண் குரல்.

இதற்குமேல் பொறுக்க முடியாது என்று கிளிஃப்டன் கைப்பிடியைத் திருகினான். கதவு அசையவில்லை. தோளால் மோதினான். தோள்தான் வலித்தது.

"உள்ள யாரு, எலியா?" என்றாள் மேவிஸ்.

"நான்தான் மேவிஸம்மா! கதவு மாட்டிக்கிச்சு. என் போன் வெளிய இருக்கு."

"ஐயோ பாவமே! தீயணைப்பு வண்டிக்குச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்! முதலாளி வர்ற நேரம். ஊரைக் கூட்டினா என் வேலை போயிடும். பூட்டுத் திறக்கிறவன் யாரையாவது கூப்பிடுங்க."

கூப்பிட்டாள். ஆளும் சட்டென்று வந்துவிட்டான். ஆனால் கறாரான பேர்வழி.

"முன்னூறு டாலர். கையில வாங்கினப்புறம்தான் ஸ்க்ரூவில கை வைப்பேன்."

"முன்னூறா? பகல் கொள்ளையா இருக்கே!" என்று உள்ளிருந்து கத்தினான் கிளிஃப்டன்.

"அவசரத்துல இருக்கிறவன் பேரம் பேசக்கூடாது சார். இதை நீங்களே எத்தனை பேருகிட்ட சொல்லியிருப்பீங்க!"

கிளிஃப்டன் பல்லைக் கடித்தான். "மேவிஸம்மா, கையில இருக்கிற பணத்தை அவன்கிட்டக் குடுத்துடுங்க. கல்லாவுல அப்புறமா நான் என் காசைப் போட்டுடறேன்."

"குடுக்கலாம் கண்ணு. ஆனா என் கடன்?"

"ரத்து!"

"வாய் வார்த்தையா?"

பின்னறையிலிருந்த ரசீதுப் புத்தகத்தில், முழுப் பணமும் வந்தது, கடன் ரத்து என்று எழுதிக் கையெழுத்திட்டு, கதவிடுக்கு வழியாகத் தள்ளினான். அவள் நிதானமாகப் படித்து மடித்துக்கொண்டு, உறையைப் பூட்டுக்காரனிடம் கொடுத்தாள். நாலு திருகு திருகியதும் கதவு திறந்தது.

வியர்த்து வெளியே வந்த கிளிஃப்டனின் கன்னத்தைத் தட்டினாள் மேவிஸ். "உடம்பைப் பாத்துக்க கண்ணு."

முதலாளி இன்னும் வரவில்லை. வேலை தப்பியது. அவள் நல்லவள்தான் போலிருக்கிறது என்று நெகிழ்ந்து, நன்றி சொல்ல வாசலுக்கு ஓடினான் கிளிஃப்டன்.

மேவிஸ் ஏற்கெனவே பூட்டுக்காரனின் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். உறையை அவள் மடியில் போட்டுவிட்டு அவன் சொன்னான்:

"ஞாயித்துக்கிழமை இவங்க முதலாளி கூப்பிட்டுப் புதுப் பூட்டு போடச் சொன்னப்ப, நீ சொன்ன மாதிரியே உள்ள இருந்து திறக்க முடியாதபடி தலைகீழா மாட்டினது நல்லதாப் போச்சும்மா!"