மெஷின் போட்ட டூட்டி

திங்கட்கிழமை காலை டூட்டி சார்ட்டைப் பார்த்ததும் சங்கரலிங்கத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. லாட்ஜில் வேலை பார்க்கும் பாப்பாவுக்கு ஒரே நேரத்தில் மாடியில் அறை கழுவவும் கீழே துணி துவைக்கவும் போட்டிருந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் அந்த லாட்ஜின் ஆட்களுக்கு எக்ஸெலில் டூட்டி போட்டு வந்தவர் அவர்தான். ஃபேனடி நாற்காலியில் உட்கார்ந்து கட்டங்களுக்குக் கலர் அடிப்பதில் பாதி நாள் போகும், மிச்சம் சாயாவில். இனி சாஃப்ட்வேர் போடும், நீ வாசலைப் பார்த்துக்கொள் என்று முதலாளி ஷாஜி சொன்னதும் கோபித்துக்கொண்டு லீவில் போனார். திரும்பி வந்தால் கறுப்பு வெள்ளையில் ஒரு சார்ட்.

"மெஷின் லட்சணத்தைப் பார்த்தியா, சோனியா?"

"சேட்டா, அந்த ஜிதின்..." என்று ஆரம்பித்தாள் ரிசப்ஷனில் இருந்த சோனியா.

"சாஃப்ட்வேர்காரன் பேரையே எடுக்காதே. எல்லாரும் கேட்டுக்கோங்க. முன்ன மாதிரி உங்களுக்குள்ள மாத்திக்கிட்டு ஒப்பேத்தக் கூடாது. சார்ட்ல உள்ளபடிதான் செய்யணும்."

"அப்ப நான் எங்கண்ணே நிக்க?" என்றாள் பாப்பா.

"மாடியில நில்லு. மாத்துறதுன்னா நான்தான் மாத்துவேன், துணிக்கு ஒச்சப்பன் போகட்டும்."

வாட்ச்மேன் ஒச்சப்பன் துணி துவைக்கப் போனார். ஆளில்லாத வாசல் வழியே தெரு ஆடு ஒன்று நுழைந்து, ஜெர்மன் விருந்தாளியின் ஓலைத் தொப்பியைத் தின்ன ஆரம்பித்தது. அதை விரட்டச் சமையல்காரர் வெங்கிட்டுவை ஏவினார் சங்கரலிங்கம். அடுப்பில் கடலைக்கறி கருகியது. புகையைக் கண்டு பாப்பா மாடிக் குழாயைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

ஷாஜி உள்ளே வரும்போது படியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஜெர்மன்காரர் பாதித் தொப்பியோடு நின்றார்.

"சேட்டா, நான் சொல்றது..." என்று சோனியா மறுபடி வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு, மோளே. முதலாளி, பாருங்க. மூளை இருக்கிற எவனாவது இப்படிச் சார்ட் போடுவானா?"

ஷாஜி சார்ட்டை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு இடத்துல டூட்டி. சங்கரலிங்கம் பறஞ்சது சரிதான். இதைப் போட்டது ஒரு மனுசனா இருந்தா இப்பவே சீட்டைக் கிழிச்சிருப்பேன்."

"கிழிக்கணும் முதலாளி. கட்டாயம் கிழிக்கணும்."

சங்கரலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஃபேனடி நாற்காலி பிழைத்தது.

சோனியா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சாரே, ஜிதினுக்குச் சிக்குன்குனியா. சாஃப்ட்வேர் போட அடுத்த வாரம்தான் வருவான். இது போன மாசம் சேட்டன் போட்ட எக்ஸெல். தேதியை மட்டும் மாத்தி, கலர் இல்லாம நான் பிரிண்ட் எடுத்தேன்."