தலை நுழையாத ஸ்வெட்டர்

நான் ஒரு முட்டாள். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் அக்கா சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் உதாரணங்களோடு சொல்வாள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிய மறு வருஷம் அது. அவர்கள் பட்டாளத்தில் இருந்ததால் ஊரே ‘சொல்தா’ என்று கூப்பிட்ட என் தாய்மாமன், பிரான்சில் இருக்கும் மகனைப் பார்க்கக் கப்பலேறத் தயாரானார். அங்கே குளிரில் காது உதிர்ந்துவிடுமாம். அவருடைய பழைய ஸ்வெட்டரையோ பூச்சி தின்றுவிட்டது. அவர் கிளம்புவதற்குள் அவர் மகள் தனத்தைப் பெண் கேட்டுவிட வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்த நான், வாயை விட்டேன்.

“நானே பின்னித் தரேன் மாமா!”

(கான்வென்ட்டில் அளந்து தரும் கம்பளியில் அவர்கள் கடைக்குக் குழந்தை சாக்ஸ் பின்னும் என் அம்மாவிடம் அரைகுறையாகக் கற்ற வித்தை.)

புதுச்சேரி வேர்வையில் கம்பளி நூலை எவன் விற்பான்? மில் பருத்தி நூலை வாங்கி வந்தேன்.

“பருத்தியில எவன்டா ஸ்வெட்டர் பின்றான்?” என்றாள் அம்மா.

“நூல் நூல்தாம்மா.”

கம்பளி நல்ல சம்பந்தி மாதிரி. இழுத்தால் விட்டுக் கொடுக்கும், பிறகு தானே பழைய இடத்துக்கு வந்துவிடும். பருத்தியோ வாடகை கேட்கும் வீட்டுக்காரர் மாதிரி; ஓர் இம்மி இறங்கி வராது. ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியை நுழைக்க மல்லுக்கட்ட வேண்டும். நுழைந்தால் வெளியே வராது. கம்பளி என்றால் நம் தப்புகளை மூடி மறைக்கும். இந்தச் சனியன் ஒவ்வொரு கோணலையும் ஊருக்கே காட்டிக் கொடுத்தது. விரல்கள் வீங்கி, சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன். (“தொரைங்க போனாலும் பழக்கம் போகல பாரு” என்றாள் அக்கா.)

கம்பளி சாக்ஸை அம்மா, குழந்தையின் காலைவிடச் சின்னதாகத்தான் பின்னுவாள், போடும்போது விரிந்துவிடும். அதே கணக்கில் நான் கழுத்தைப் பின்னினேன்.

வழியனுப்ப வந்த சொந்தபந்தங்கள் முன்னால் மாமா அதை மாட்டினார். உச்சந்தலை வெளியே வந்தது. மீசை உள்ளேயே தங்கிவிட்டது.

“டேய்! மூச்சு முட்டுதுடா!” உள்ளேயிருந்து குரல் வந்தது.

“குனிங்க மாமா, இழுக்கிறேன்!”

இழுத்தேன். மாமாதான் நீண்டார், நூல் நீளவில்லை. (இன்றும் எங்கள் வீட்டில் யார் தலை சட்டையில் சிக்கினாலும் “சொல்தா மாட்டிக்கிட்டாரு!” என்று கூவுவார்கள்.)

நனைத்தால் தளருமே என்று ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன். தளர்ந்தது, கழுத்தைத் தவிர எல்லாம். தண்ணீர் குடித்த பருத்தி கனத்து இறங்கி, மாமாவின் முழங்காலைத் தொட்டது. கழுத்து முன்னைவிட இறுகியது.

“தள்ளிக்க” என்று என்னை விலக்கிவிட்டு வந்தாள் தனம். கத்தரிக்கோலால் கழுத்தை ஒரே வெட்டு. மாமா சிவந்த முகத்தோடு, நனைந்த மீசையோடு உலகத்துக்குத் திரும்பினார்.

வெளியே வண்டி காத்திருந்தது. இப்போது கேட்காவிட்டால் அவர் திரும்பி வருவதற்குள் தனத்தை வேறு எவனாவது கேட்டுவிடுவான்.

“மாமா... நம்ம தனத்த... எனக்கு...”

மாமா மகளைப் பார்த்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாமா மீசையைப் பிழிந்தார்.

“தாலிக்கயித்த மட்டும் கடையில வாங்கு.”